துணைக்குப் போன கண்டக்டர்

ஓசூரிலிருந்து கெலமங்கலம் வழியாகத் தேன்கனிக்கோட்டைக்குப் போகும் தனியார் பஸ்ஸில் சென்னப்பன் கண்டக்டராக இருந்தார். ஏறுகிற ஆளின் தலைப்பாகையையும் கையிலிருக்கும் மூட்டையையும் பார்த்தே தமிழா, கன்னடமா, தெலுங்கா என்று முடிவு செய்து அந்தப் பாஷையில் ஊரைக் கேட்பார். பெரும்பாலும் தப்பாது. சந்தை நாளில் முஸ்லிம் ஆட்டு வியாபாரிகள் ஏறினால் உருதுவிலும் பேசுவார். அந்த உருதுவை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பஸ்ஸுக்குள் ஆட்டை ஏற்றக்கூடாது என்று சண்டை போட்டுப் போட்டே கற்றுக்கொண்டது.

அவர் மனைவி நாராயணம்மா ஓசூரில் ஆரம்பப் பள்ளி டீச்சர். ஒன்றாம் வகுப்பு. தருமபுரிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்தபோது அவருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. புகுந்த வீட்டில் கன்னடம், பக்கத்து வீடுகளில் தெலுங்கு. உப்பு கேட்டால் புளியை எடுத்து நீட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லைதான். ஆனாலும் அந்தச் சிரிப்புக்குப் பயந்து பல மாதங்கள் வாயைத் திறக்காமலே வேலை செய்தார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெண் ஊமை போல ஆகிவிட்டாளே என்று சென்னப்பன்தான் கவலைப்பட்டு, ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரு தமிழ் வார்த்தைக்கு ஒரு கன்னட வார்த்தை என்று விளையாட்டாகப் பேசிப் பேசி அவர் வாயைத் திறக்க வைத்தார்.

அந்த ஊமைக் காலத்தை நாராயணம்மா மறக்கவில்லை. அதனால்தான் தன் வகுப்பில் மாரம்மா என்ற குழந்தை பேசாமல் உட்கார்ந்திருந்ததும் அவருக்குக் காரணம் புரிந்தது. மாரம்மா கன்னட வீட்டுக் குழந்தை. முன்பிருந்த டீச்சர் பூனைப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டபோது, "பெக்கு" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அன்றோடு குழந்தை வாயை மூடிக்கொண்டது. நாராயணம்மா வந்ததும் அதே பூனைப் படத்தை எடுத்து, "இது பெக்கு" என்று தானே முதலில் சொன்னார். "பில்லின்னு யாரு வீட்டுல சொல்லுவாங்க?" என்று கேட்டார். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் கை தூக்கினார்கள். "சரி, பெக்கும் வந்துட்டுது, பில்லியும் வந்துட்டுது. இப்ப பூனைன்னு எழுதலாமா?" என்றார். மாரம்மா அன்றைக்குச் சிரித்தாள். அடுத்த வாரம் பேசினாள். அந்த வருஷ முடிவில் வகுப்பிலேயே முதலாவதாகத் தமிழ் வாசித்தவள் அவள்தான்.

இதையெல்லாம் ஆராய்ச்சி என்று நாராயணம்மா நினைத்ததே இல்லை. கிருஷ்ணகிரியில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் விரிவுரையாளராக இருந்த ஜெபசீலியம்மா ஒருநாள் மாணவிகளை அழைத்துக்கொண்டு வகுப்பைப் பார்க்க வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழு நாளும் பார்த்துவிட்டு, "இத நீங்க எழுதணும், நாராயணம்மா" என்றார். நாராயணம்மா தமிழில் எழுதினார். ஜெபசீலியம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதை இங்கிலீஷாக்க உதவினார். 1957-ஆம் வருஷக் கடைசியில் பஞ்சாபில் லூதியானாவில் ஒரு கல்வி ஆராய்ச்சி மாநாடு நடக்கவிருந்தது. கட்டுரையை அங்கே அனுப்பினார்கள். வந்து வாசிக்கும்படி அழைப்பு வந்துவிட்டது.

இரண்டு பெண்களும் சேர்ந்து போவதாகத்தான் ஏற்பாடு. புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஜெபசீலியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். சென்னப்பனும் நாராயணம்மாவும் பார்க்கப் போனார்கள். மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு அவர், "என் கால நினைச்சு நீங்க நிக்கக் கூடாது" என்றார்.

"தனியா அவ்ளோ தூரம் எப்படிங்க மேடம் போவேன்? இந்தி ஒரு வார்த்த தெரியாது. வேணாங்க."

சென்னப்பன் அதுவரை வாசலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நான் கூடப் போறனுங்க மேடம்" என்றார். "தினமும் ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் டிக்கெட் கிழிக்கறேன். ஒரு தடவ நானும் டிக்கெட் வாங்கிக்கிட்டு உக்காந்து போறேன்."

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் செய்தி பரவியது. பொண்டாட்டி பேசப் போறாளாம், புருஷன் பெட்டி தூக்கப் போறானாம் என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். சென்னப்பனின் காதிலேயே அதைச் சொன்னபோது, "ஆமாங்க, பெட்டி நல்ல கனம். அவளால ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் கேலி செய்ய யாருக்கும் வழியில்லாமல் போயிற்று.

அவருடைய பஸ் டிரைவர் ஜான்பீட்டர் யுத்தகாலத்தில் பட்டாளத்து லாரி ஓட்டி வடக்கே சுற்றியவர். பெட்டிக்கடியில் வைத்திருந்த ராணுவ ஓவர்கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "எங்க ஊர்லயும் குளிருதேன்னு சும்மா போய்ராத, சென்னப்பா. நம்ம ஊரு குளிரு தட்டிட்டுப் போவும். அந்த ஊரு குளிரு உள்ள வந்து குடியிருக்கும்" என்றார். கோட்டு ஒன்றுதான் இருந்தது. அது நாராயணம்மாவுக்கு என்று சென்னப்பன் அப்போதே முடிவு செய்துவிட்டார். தனக்கு ஒரு கறுப்புக் கம்பளி எடுத்துக்கொண்டார். தங்கள் மகளைப் பக்கத்து வீட்டுச் சாந்தம்மா அக்காவிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள்.

பெங்களூர் போய் ரயிலேறி மெட்ராஸ், அங்கிருந்து டில்லி. மூன்றாம் வகுப்பு மரப்பலகையில் உட்கார்ந்து போன அந்தப் பயணத்தைச் சென்னப்பன் பிறகு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கும் ஊரை நினைக்க வேண்டாம், சில்லறையைத் தேட வேண்டாம், ஆட்டுக்காக யாரோடும் சண்டை போட வேண்டாம். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நாட்டையே பார்த்துக்கொண்டு போனார். நாக்பூரில் ஆரஞ்சு வாங்கினார்கள். அதைத் தாண்டிய பிறகு குளிர் ஆரம்பித்தது. ஜான்சியில் மனைவியோடு ஏறிய ஒரு சிப்பாய், இவர்கள் கம்பளியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பஞ்சு வைத்துத் தைத்த தன் ரஜாய்ப் போர்வையை விரித்து நாராயணம்மாவின் காலையும் தன் மனைவியின் காலையும் சேர்த்து மூடிவிட்டார். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. காலையில் டில்லியில் இறங்கிக் கூட்டத்தில் போய்விட்டார். பிளாட்பாரத்தில் நின்று பேசும்போது சென்னப்பனின் வாயிலிருந்து புகை வந்தது. கையை வாய்க்கு எதிரே வைத்துத் திரும்பத் திரும்ப ஊதிப் பார்த்தார்.

"ஏ நாராயணம்மா, இங்க பாரு! வாய்க்குள்ள பாய்லர் ஓடுது!"

லூதியானாவில் கல்லூரி விடுதி நிறைந்துவிட்டது. தூரத்திலிருந்து வந்த சிலரை ஊழியர் வீடுகளில் தங்க வைத்தார்கள். இவர்களுக்குக் கிடைத்தது கல்லூரி சோதனைச்சாலையில் வேலை பார்த்த ஒரு சர்தாரின் வீடு. அகதிகள் குடியிருப்பில் இரண்டே அறை உள்ள வீடு. அதில் நல்ல அறையை விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, சர்தாரும் அவர் மனைவி ஹர்பன்ஸ் கௌரும் ஏழு வயது மகள் ஜீத்தோவும் அடுப்படிக்குப் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டார்கள். பிரிவினையின்போது முல்தானிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்கள் அவர்கள்.

ஹர்பன்ஸ் கௌருக்குப் பஞ்சாபி தவிர வேறு தெரியாது. சென்னப்பன் தன் ஆட்டுச் சந்தை உருதுவை எடுத்து விட்டார். பாதி புரிந்தது. முதல் நாள் சாப்பாட்டில் சூடான ரொட்டியை அடுக்கிக்கொண்டே வந்தார் அந்த அம்மாள். "நக்கோ, நக்கோ" என்றார் சென்னப்பன். எங்கள் பக்கத்து உருதுவில் நக்கோ என்றால் வேண்டாம். பஞ்சாபில் அந்தச் சொல்லே கிடையாது. இன்னும் கேட்கிறார் என்று நினைத்து அந்த அம்மாள் இன்னும் போட்டார். சென்னப்பன் கையால் தட்டை மூடினார். அந்த அம்மாள் கைக்குப் பக்கத்தில் வைத்தார். கடைசியில் நாராயணம்மா எழுந்து, வயிற்றைத் தொட்டு, கண்ணை உருட்டி, வெடித்துவிடும் என்று காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. ஹர்பன்ஸ் கௌர் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஜீத்தோ மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சிரிக்கவுமில்லை, பேசவுமில்லை.

மாநாட்டுப் பந்தலில் பிரதிநிதிகளுக்கு நீல ரிப்பன் குத்தினார்கள். கூட வந்த குடும்பத்தாருக்கு ரோஜா நிற ரிப்பன். கூட வருகிறவர் என்றால் மனைவி என்றுதான் அவர்கள் நினைத்து அச்சடித்திருந்தார்கள். ரிப்பன் கொடுத்த கல்லூரி மாணவன் சென்னப்பனையும் அவர் மீசையையும் பார்த்துத் திகைத்து நின்றான். சென்னப்பன் தானே ஒன்றை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"என்னான்னு எழுதியிருக்குது?"

நாராயணம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மகளிர் நிகழ்ச்சின்னு போட்டிருக்குதுங்க" என்றார்.

"இருந்துட்டுப் போவட்டும். நிகழ்ச்சி நல்லாத்தான இருக்கும்."

அப்படித்தான், மனைவி கூட்டத்தில் இருந்த நேரமெல்லாம் சென்னப்பன் பேராசிரியர்களின் மனைவிமாரோடு ஊர் சுற்றினார். முதல் நாள் ஸ்வெட்டர் பின்னும் ஆலை. அந்தப் பெண்கள் தொடக்கத்தில் இந்த மீசைக்காரரைப் பார்த்துச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்கள். பூனாவிலிருந்து வந்திருந்த லீலாபாய் என்ற நடுவயது அம்மாள்தான், "உங்கள் மனைவி எதைப் பற்றி வாசிக்கிறார்?" என்று இந்தியில் கேட்டு முதலில் பேச்சைத் தொடங்கினார். சென்னப்பன் மாரம்மா கதையைச் சொன்னார். உருதுவில் வார்த்தை கிடைக்காத இடத்தில் பூனை போலவே கத்திக் காட்டினார். அதற்குப் பிறகு அவரை யாரும் வேற்று ஆளாகப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் சட்லெஜ் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பழைய கோட்டையைப் பார்க்க பஸ் ஏற்பாடு செய்திருந்தார்கள். அதில் கண்டக்டர் கிடையாது. சென்னப்பனுக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை. எல்லாரும் ஏறியதும் படியில் நின்று, பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்!" என்று குரல் கொடுத்துவிட்டார். டிரைவரும் பழக்கத்தில் கியரைப் போட்டார். பஸ் முழுக்கச் சிரிப்பு.

திரும்பும்போது சாயங்காலம். ஆற்றங்கரைக்கு வந்ததும் மூடுபனி இறங்கியது. எங்கள் ஊர்ப் பக்கமும் மார்கழியில் பனி மூடும். ஆனால் அது மரத்தையும் பாறையையும் கொஞ்சமாவது விட்டுவைக்கும். இது வெள்ளைச் சுவர் போல வந்து நின்றது. விளக்கைப் போட்டால் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூச வைத்தது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். பாலத்துக்கு முன்னால் சாலை எங்கே முடிகிறது, கரை எங்கே சரிகிறது என்று தெரியவில்லை. நின்ற இடத்திலேயே நின்றால் பின்னால் வரும் லாரி மோதும். உள்ளே தாய்மாரோடு வந்திருந்த குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

சென்னப்பன் கம்பளியைக் கழற்றி அழுத குழந்தை ஒன்றின் மேல் போட்டார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். டிரைவரிடம் போய், "நான் முன்னால நடக்கறேன். இந்தத் துண்டப் பாத்துக்கிட்டே வா. துண்டு நின்னா நீ நில்லு" என்று தெரிந்த உருதுவில் சொன்னார். இரண்டு கையாலும் துண்டை முதுகுக்குப் பின்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு, செருப்புக் காலால் சாலை விளிம்பைத் தடவித் தடவி நடந்தார். பஸ் ஆமை போல ஊர்ந்து பின்னால் வந்தது. பாலம் முழுக்க அப்படியே நடந்தார். பாலம் முடிந்த பிறகும், ஊரின் முதல் தெருவிளக்குத் தெரிகிற வரைக்கும் நடந்தார். நடுவில் ஒருமுறை லீலாபாய் ஜன்னலைத் திறந்து, "போதும், ஏறுங்கள்!" என்று கத்தினார். சென்னப்பன் திரும்பிப் பார்க்காமல் துண்டை மட்டும் ஆட்டினார்.

கல்லூரி வாசலில் பஸ் நின்றபோது அவர் சட்டை, மீசை, தலைமுடி எல்லாம் நனைந்திருந்தன. பல் தந்தியடித்தது. மறுநாள் விடியும்போது உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கல்லூரி டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, நிமோனியா என்று சொல்லிப் பெனிசிலின் ஊசி போட்டார்.

அன்று முற்பகல்தான் நாராயணம்மா கட்டுரை வாசிக்க வேண்டும்.

"நான் போவலங்க" என்றார் அவர். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "கட்டுரையும் வேணாம் ஒண்ணும் வேணாம். எனக்காக வந்துதான உங்களுக்கு இப்படி ஆச்சு."

சென்னப்பனுக்கு மூச்சு வாங்கியது. "நீ போவலன்னா நான் என்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்தேன்? பெட்டியத் தூக்கவா? போ. மாரம்மா பேச்ச நீதான் பேசணும்."

பேச்சு புரியாவிட்டாலும் நடப்பது என்னவென்று ஹர்பன்ஸ் கௌருக்குப் புரிந்தது. ஆணியில் மாட்டியிருந்த ஓவர்கோட்டை எடுத்து வந்து நாராயணம்மாவின் தோளில் போட்டு, பொத்தானை ஒவ்வொன்றாக மாட்டினார். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து, கட்டிலைக் காட்டினார். நான் இருக்கிறேன் என்று சொல்ல வார்த்தை தேவைப்படவில்லை. நாராயணம்மா அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் வீட்டு வாசலில் சைக்கிள் ரிக்ஷாக்கள் வந்து நின்றன. பேராசிரியர் மனைவிமார் அன்றைய நிகழ்ச்சியை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார்கள். ஒருவர் பூண்டு போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெயைக் கொண்டுவந்து உள்ளங்காலில் தேய்க்கச் சொன்னார். லக்னோவிலிருந்து வந்திருந்த அம்மாள் இஞ்சியும் துளசியும் போட்டுக் கஷாயம் வைத்தார். கல்கத்தாவிலிருந்து வந்திருந்த அம்மாள் தன் கணவரின் குரங்குக் குல்லாயைக் கொண்டுவந்து, காதை மூடாமல் வேறு எது செய்தும் பயனில்லை என்று சொல்லிச் சென்னப்பனின் தலையில் மாட்டிவிட்டார். கஷாயம் முதலிலா எண்ணெய் முதலிலா என்று கட்டிலைச் சுற்றி நின்று வாக்குவாதம் செய்தார்கள். லீலாபாய் அத்தனை பேரையும் அதட்டி, முறை வைத்து உட்கார வைத்தார். சென்னப்பன் குல்லாய்க்குள்ளிருந்து கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். அவருக்குத் தாய் சின்ன வயதிலேயே இறந்துபோனவள். உடம்பு சரியில்லை என்று தன்னைச் சுற்றி இத்தனை பேர் நின்றதை அவர் அதுவரை கண்டதில்லை. கண் ஓரத்தில் நீர் வழிந்தது. கல்கத்தா அம்மாள் அதைக் கண் எரிச்சல் என்று நினைத்து எண்ணெயை அப்பால் தள்ளி வைக்கச் சொன்னார்.

மத்தியானம் நாராயணம்மா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எப்படிப் பேசின?"

"என்னாத்த பேசினேன். உங்க நெனப்பாவே இருந்துது. விறுவிறுன்னு வாசிச்சேன். கடைசிப் பக்கத்துக்கு வர்றதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க. ஒரு பெரியவரு மட்டும் எந்திரிச்சு, அந்தக் குழந்த இப்ப எப்படி இருக்குதுன்னு கேட்டாரு. நல்லா இருக்குதுன்னு சொன்னேன். அவ்ளோதான்."

சென்னப்பன் குல்லாயைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டார். நான் கேக்காமப் போயிட்டனே என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் ஊருக்குப் புறப்பட அனுமதிக்கவில்லை. மாநாடு முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் அவர்கள் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். சர்தார் தினமும் வேலைக்குப் போகுமுன் டாக்டர் வீட்டுக்குப் போய் அவரைத் தன் சைக்கிளிலேயே வைத்து அழைத்து வந்தார். ஒரு நாள் காலையில் பனி விலகி வெயில் அடித்தது. முற்றத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுச் சென்னப்பனை உட்கார வைத்தார்கள். ஊருக்குப் போகுமுன் சொல்லிக்கொள்ள லீலாபாயும் இரண்டு மூன்று பெண்களும் வந்திருந்தார்கள்.

"நாராயணம்மா, அந்தக் கட்டுரைய இப்பப் படியேன். வெயில்ல உக்காந்து கேக்கறேன்" என்றார் சென்னப்பன்.

நாராயணம்மா இங்கிலீஷில் ஒரு வரி வாசித்தார்.

"இங்கிலீசு எனக்கெதுக்கு? வகுப்புல பேசற மாதிரி பேசு."

நாராயணம்மா காகிதத்தை மடித்து வைத்தார். கல்யாணமாகி வந்த புதிதில் தான் வாயடைத்துக் கிடந்ததிலிருந்து ஆரம்பித்தார். மாநாட்டில் அந்தப் பகுதியைச் சொல்லவில்லை. கட்டுரையில் அது இல்லவே இல்லை. தமிழில் அவர் ஒரு வாக்கியம் சொல்ல, சென்னப்பன் அதை உருதுவாக்க, சென்னப்பனின் உருது திணறிய இடத்தில் லீலாபாய் ஊகித்து நல்ல இந்தியில் எடுத்துச் சொல்ல, ஹர்பன்ஸ் கௌர் கேட்டுக்கொண்டிருந்தார். உப்புக்குப் பதில் புளி கொடுத்த இடத்தில் அவர் சிரிக்கவில்லை. நாராயணம்மாவின் முழங்காலில் கை வைத்தார்.

பூனைப் படம் கையில் இல்லை. நாராயணம்மா அடுப்புக் கரியை எடுத்து முற்றத்துச் சிமெண்டுத் தரையில் ஒரு பூனையை வரைந்தார். "இத எங்க பிள்ளைங்க பூனைன்னு சொல்லும். கன்னடத்துப் பிள்ளைங்க பெக்குன்னு சொல்லும். தெலுங்குப் பிள்ளைங்க பில்லின்னு..."

"பில்லி!" என்றது ஒரு சின்னக் குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். கதவருகே நின்றிருந்த ஜீத்தோ ஓடிவந்து கரிப் பூனையின் பக்கத்தில் குந்தியிருந்தாள். பஞ்சாபியிலும் பூனைக்கு அதுதான் பேர். நாராயணம்மாவுக்கு அது தெரியாது. தெலுங்கு வார்த்தையைக் குழந்தை எப்படிச் சொல்கிறது என்று ஆச்சரியப்பட்டுக் கணவரைப் பார்த்தார். சென்னப்பன் குல்லாயோடு தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். "இவங்களுக்கும் அதே பில்லிதாண்டி!"

நாராயணம்மா ஒரு மாடு வரைந்தார். குழந்தை பேர் சொன்னது. நாய் வரைந்தார். அதற்கும் சொன்னது. மரம் வரைந்தபோது குழந்தை ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அது தப்போ என்று தாயைப் பார்த்தது. முல்தான் பக்கத்துச் சொல் அது. நாராயணம்மா அந்தச் சொல்லையே தன் வாயால் திரும்பச் சொன்னார். சரியாக வரவில்லை. ஜீத்தோ மறுபடி சொல்லித் திருத்தினாள். பிறகும் சரியாக வரவில்லை. ஜீத்தோ கையைத் தட்டிச் சிரித்தாள்.

ஹர்பன்ஸ் கௌர் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தன் மகளின் முல்தான் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றும், இரண்டு வருஷமாக அவள் வெளியாட்கள் முன்னால் வாயே திறப்பதில்லை என்றும், டாக்டரிடம்கூடக் காட்டியாயிற்று என்றும் லீலாபாய் கேட்டுச் சொன்னார். நாராயணம்மா ஹர்பன்ஸ் கௌரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தமிழிலேயே சொன்னார்: "உங்க பொண்ணுக்கு ஒரு கோளாறும் இல்லீங்க அக்கா. கேக்கறதுக்கு ஆள் இல்ல, அவ்ளோதான்."

அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் அந்த வீட்டில் இருந்த நாட்களில் ஜீத்தோ நாராயணம்மாவின் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டே திரிந்தாள். ஒருநாள் ஹர்பன்ஸ் கௌர் நாராயணம்மாவையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கிருந்த ஆசிரியை நாராயணம்மா வாசித்த கட்டுரையை மாநாட்டுக் கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டவராம். இரண்டு பேரும் அரைகுறை இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார்கள். புறப்படும் அன்று சர்தார் குடும்பம் ஸ்டேஷனுக்கு வந்தது. ரயில் நகர்ந்தபோது ஜீத்தோ பிளாட்பாரத்தில் கூடவே ஓடிவந்து, தெரிந்த தமிழ் வார்த்தைகள் எல்லாவற்றையும் கத்தினாள். பூனை, மாடு, உப்பு, போதும்.

ஊருக்கு வந்ததும் சென்னப்பன் முதலில் போனது ஜெபசீலியம்மாவின் வீட்டுக்கு. "உங்க கால் முறிஞ்சதுல எனக்குக் கெடச்ச பயணம் இது, மேடம். எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. சொன்னாலும் தப்பா இருக்குது" என்றார். ஜெபசீலியம்மா கட்டிலே ஆடும்படி சிரித்தார்.

நாராயணம்மாவின் கட்டுரை மாநாட்டு மலரில் அச்சாகி வந்தது. அதனால் அவருக்குப் பெரிய பதவி எதுவும் வரவில்லை. ஆனால் சுற்றுவட்டப் பள்ளிகளின் ஒன்றாம் வகுப்பு டீச்சர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு அவர் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவது சென்னப்பனுக்கு வழக்கமாயிற்று. கட்டுரையைப் பற்றிக் கேட்டால் மனைவியைக் காட்டுவார். லூதியானாவைப் பற்றிக் கேட்டால்தான் அவருக்குப் பேச்சு வரும். தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஜனங்கள் தன்னைப் பிழைக்க வைத்தார்கள் என்பதை எந்தக் கதையில் ஆரம்பித்தாலும் கடைசியில் சொல்லிவிடுவார்.

அந்தக் கோடையில் அவரைக் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு மாற்றினார்கள். ஒருநாள் சூளகிரிக்கு அப்பால் ஒரு லாரி அச்சு முறிந்து சாலையோரம் சாய்ந்து நின்றது. டிரைவர் ஒரு சர்தார்ஜி. பெங்களூரிலிருந்து சாமான் வர வேண்டும் என்று புளியமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். சென்னப்பன் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார்.

"என்னாப்பா, ஆள் ஏறலியே? எதுக்கு நிறுத்தற?" என்றார்கள் உள்ளே இருந்தவர்கள்.

"நம்ம ஆளுங்க. ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டுச் சென்னப்பன் இறங்கினார்.

லாரி அங்கே நின்ற அத்தனை நாளும் நாராயணம்மா தூக்குப் பாத்திரத்தில் ராகிக் களியும் கொள்ளுக் குழம்பும் கொடுத்தனுப்பினார். முதல் நாள் சர்தார்ஜி களியை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். அது பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. சென்னப்பன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒரு துண்டைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் அப்படியே விழுங்கிக் காட்டினார். பஸ்ஸுக்குள்ளிருந்து டிரைவர் ஹாரன் அடித்தார். சர்தார்ஜி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இன்னொரு துண்டை எடுத்தார்.